அடைப்புக்குறிக்குள் ஒரு சிரிப்பு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் காதர் பாய் டீக்கடை. காலைப் பேப்பர் வந்ததும் முதலில் பாய்தான் படிப்பார். சத்தம் போட்டுப் படிப்பார். மற்றவர்கள் டீயை ஊதிக் குடித்தபடி கேட்க வேண்டும். சட்டசபைச் செய்தி என்றால் பாய்க்குத் தனி உற்சாகம். மந்திரிக்கு ஒரு குரல், அங்கத்தினருக்கு ஒரு குரல் என்று பிரித்துப் படிப்பார்.

அன்று நானும் கடையில் இருந்தேன். டீயில் நனைத்த பன் பாதி கையில், பாதி வாயில்.

"கனம் அங்கத்தினர் ஏழுமலை" என்று பாய் ஆரம்பித்தார். "தென்னேரி ஏரி மதகில் மீன்கள் தாராளமாகப் போய் வருகின்றன. தண்ணீர் மட்டும்தான் நிற்கமாட்டேன் என்கிறது. ஆகவே அந்த மதகை மராமத்து இலாகாவிடமிருந்து மீன் இலாகாவுக்கு மாற்றிவிட சர்க்கார் உத்தேசித்திருக்கிறார்களா? அடைப்புக்குள்ள சிரிப்பு!"

அந்தச் 'சிரிப்பு' என்ற வார்த்தையையும் பாய் விடாமல் படித்தார். படித்ததும் கடை மொத்தமும் சிரித்தது. பேப்பர்க்காரனே சிரிக்கச் சொல்லி அச்சடித்துவிட்ட பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? என் வாயிலிருந்த பன் மட்டும் சிரிக்கவில்லை. தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

பாய் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்னா எம்மெல்லே, ஒங்குளுது ஒண்ணையும் காணமே?"

"நானும்தான் பாய் பேசனேன். நல்லா பாரு."

பாய் விரலை வரி வரியாக ஓட்டினார். விரல் அடி மட்டத்துக்குப் போய் நின்றது.

"தோ கீது. 'திரு. சிங்காரமும் பேசினார்.'"

அவ்வளவுதான் செய்தி. அந்த 'உம்' இருக்கிறதே, அது இன்றைக்கும் என் நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடக்கிறது. பந்தியில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, நாய்க்கும் ஒரு பிடி வைத்தார்கள் என்கிற மாதிரியான 'உம்' அது.

சென்ற வாரம் நான் ஓட்டுக் கேட்டுப் போன கதையைப் படித்த வாசகர் ஒருவர், 'நீங்கள் நிஜமாகவே சட்டசபைக்குப் போனீர்களா, இல்லை கட்டி விடுகிறீர்களா?' என்று கேட்டு எழுதியிருக்கிறார். போனேன் ஐயா. ஐந்து வருஷம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். என் அத்தாட்சி அந்த 'உம்'தான்.

எனக்கு வராத சிரிப்பு

என் வயிற்றெரிச்சல் முழுதாக விளங்க வேண்டுமானால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துக் கோமாளி நான்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகம் வாடியிருந்தால் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். சாவு வீட்டில் என்னைத் தெருவிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே விட்டால் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரித்துத் தொலைப்பார்களாம். ஓட்டுக் கேட்டபோதும் நான் கொள்கை எதுவும் பேசவில்லை. சிரிக்க வைத்தேன். போட்டார்கள்.

அப்படிப்பட்டவன் கோட்டைக்குள் போனால் என்ன ஆக வேண்டும்? சபை குலுங்க வேண்டாமா?

முதல் கேள்விக்கே தெரிந்துவிட்டது. சபாநாயகர் என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். எழுந்தது என் வேட்டி மட்டும்தான். கால்கள் பெஞ்சிலேயே தங்கிவிட்டன போலிருந்தது. கேள்வி எண்ணைச் சொன்னேன். செய்யாற்றில் புங்கமேட்டுக்குத் தரைப்பாலம் கட்டப்படுமா என்பது கேள்வி. மந்திரி பேப்பரைப் பார்த்து, "அப்படி ஓர் உத்தேசம் தற்போது இல்லை" என்றார்.

அடுத்தபடி நான் துணைக் கேள்வி கேட்க வேண்டும். ஏன் இல்லை, எப்போது வரும் என்று மடக்க வேண்டும். முந்தின நாளெல்லாம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த கேள்விகள். ஒன்றும் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சபை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"மிக்க நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பாலம் கிடையாது என்று சொன்ன மந்திரிக்கு நன்றி சொன்ன ஒரே எதிர்வரிசை அங்கத்தினர் நானாகத்தான் இருப்பேன். மந்திரியே ஒரு நிமிஷம் குழம்பிப்போய், எனக்குப் பதில் வணக்கம் போட்டார்.

நடவடிக்கைக் குறிப்பில் அது அப்படியே அச்சாகியிருக்கிறது. அங்கேயும் 'சிரிப்பு' போடவில்லை. இதற்குக்கூடவா போடக் கூடாது?

ஒரு தொகுதிக்கு இரண்டு பேர்

இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது. அப்போதெல்லாம் எங்களுடையது இரட்டைத் தொகுதி. ஒரே தொகுதிக்கு இரண்டு அங்கத்தினர்கள். ஓர் இடம் பொது, இன்னொன்று தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியது. ஓட்டுப் போடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. பொது இடத்தில் நான் வந்தேன். ஒதுக்கிய இடத்தில் ஏழுமலை வந்தார். எண்ணி முடித்தபோது என்னைவிட அவருக்குத்தான் ஓட்டு அதிகம். என் பெண்டாட்டி தெய்வானையே இரண்டாவது ஓட்டை அவருக்குத்தான் போட்டாளாம். "முதல் ஓட்டு யாருக்கு?" என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

ஏழுமலை வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவர். அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டே சங்கம் கட்டியவர். அடக்கமான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் கரைபோட்ட துண்டு, நடையில் ஒரு மிதப்பு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "இன்னா பார்ட்னரு" என்பார். ஒரு தொகுதியை இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிறோமாம், அதனால் பார்ட்னராம். சபையில் எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு. நான் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் எழுந்து துண்டைச் சரிசெய்வார். அந்தத் துண்டு அசைந்ததுமே ஆளுங்கட்சி வரிசையில் பல் தெரிய ஆரம்பித்துவிடும்.

நடவடிக்கைக் குறிப்பு அச்சாகி வந்ததும் நான் முதலில் தேடுவது என் பேச்சை அல்ல. அவர் பேச்சில் எத்தனை 'சிரிப்பு' என்பதைத்தான். மதகுக்குச் சிரிப்பு. ரேஷன் மண்ணெண்ணெய்க்குச் சிரிப்பு. சேரிக்குக் குடிதண்ணீர்க் கிணறு கேட்டாரே, அதற்குக்கூட ஒரு சிரிப்பு! கிணற்றுக்கே சிரிப்பு வாங்குகிற ஆளோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

ஒரு நாள் பொறுக்க முடியாமல், சபையில் குறிப்பெடுக்கும் சுருக்கெழுத்துக்காரரைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். மெலிந்த மனிதர், காதில் பென்சில்.

"ஏன் சார், இந்தச் 'சிரிப்பு' இருக்கிறதே, அதை எப்படிப் போடுகிறீர்கள்? எத்தனை பேர் சிரிக்க வேண்டும்?"

"கணக்கெல்லாம் இல்லை சார். சபை சிரித்தால் போடுவோம்."

"ஒருத்தர் மட்டும் சிரித்தால்?"

"யார் சிரித்தது?"

"நான்தான். என் பேச்சுக்கு நானே கொஞ்சம் சிரித்தேன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அதற்கு ரூலில் இடமில்லை சார்" என்றார்.

குழுவில் நான் சிங்கம்

என் மானத்தைக் காப்பாற்ற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழுக் கூட்டங்களில் நான் பிரமாதமாகப் பேசுவேன். மதிப்பீட்டுக் குழுவில் என்னைப் போட்டிருந்தார்கள். ஒரு நீள மேசை, முந்திரிப் பருப்பு, காபி, எதிரே கையைக் கட்டிக்கொண்டு இலாகா அதிகாரிகள். பார்வையாளர் காலரி கிடையாது. பத்திரிகை கிடையாது. பயப்பட ஒன்றுமே இல்லை. என் நாக்கு அங்கே மட்டும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி.

ஒரு முறை புங்கமேட்டுத் தரைப்பாலத்தின் எஸ்டிமேட் எங்கே என்று கேட்டேன். செங்கல்பட்டு ஆபீசில் இருக்கிறது என்றார் ஒருவர். அங்கிருந்து மேலே அனுப்பியாகிவிட்டது என்றார் இன்னொருவர். திருத்தம் கேட்டுத் திரும்பக் கீழே போயிருக்கிறது என்றார் மூன்றாமவர்.

"எங்க ஊர் பஸ்கூட ஒரு நாளைக்கு இத்தனை நடை போகாதே! அந்த எஸ்டிமேட் மேல நாலு பேரை ஏத்தி அனுப்பினீங்கன்னா, பாலமே வேணாம், ஜனங்க அதுலயே போய் வந்துடுவாங்க" என்றேன்.

தலைவர் காபியைத் துப்பிவிட்டார். அதிகாரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மிதந்துகொண்டு வெளியே வந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது: குழுவில் பேசுவது வெளியே வராது. அறிக்கை மட்டும்தான் வரும். அறிக்கையில் என் ஹாஸ்யம் என்னவாக வந்தது தெரியுமா? 'எஸ்டிமேட்டுகளின் தாமதத்தைக் குழு கவலையுடன் கவனித்தது.'

என் ஆயுளின் ஆகச் சிறந்த ஹாஸ்யம் கவலையாக அச்சாயிற்று.

நூறு ரூபாய்

புங்கமேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். பாதி உழவர்கள், பாதி கூலி ஆட்கள். நெல்லை வாலாஜாபாத் மில்லுக்குக் கொண்டுபோக வேண்டுமானாலும், பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமானாலும் ஆற்று மணலில்தான் வண்டி இறங்க வேண்டும். வெள்ளம் வந்தால் ஊர் தீவு. ஓட்டுக் கேட்கப் போனபோது, "பாலம் வராமல் இந்த ஊருக்குள் காலை வைக்க மாட்டேன்" என்று வசனம் பேசியிருந்தேன். பேசும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஐந்து வருஷத்தில் முக்கால்வாசி போய்விட்டது. நான் அந்தப் பக்கம் காலே வைக்கவில்லை. சொன்ன வாக்கில் அந்தப் பாதியை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பட்ஜெட் கூட்டத்தில், டிபன் அறையில் ஒரு பழைய அங்கத்தினர் எனக்கு வழி சொன்னார். வெட்டுப் பிரேரணை கொடுங்கள் என்றார். ஓர் இலாகாவுக்கு மந்திரி பணம் கேட்கிறார் அல்லவா? அதில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று நாம் பிரேரணை கொண்டுவர வேண்டும். யாரும் நிஜமாகக் குறைப்பதில்லை. அது சபைகளின் பழைய சம்பிரதாயம். குறையைச் சொல்ல ஒரு வாசல். கொடுத்தால் பேச நேரம் உண்டு. முக்கியமாக, பேப்பரில் பெயர் வரும். தனியாக வரும். 'உம்' இல்லாமல் வரும்.

பெஞ்சுக்கு வந்து ஏழுமலையிடம் சொன்னேன். கொஞ்சம் அலட்சியமாகச் சொன்னேன்.

"போடு பார்ட்னரு" என்றார். "ஆனா மொதல்ல புங்கமேட்டுக்குப் போய் சொல்ட்டு வந்து போடு. நான் போன தபா சுடுகாட்டுப் பாதைக்குப் போட்டப்ப, ஊர் ஊரா போய் ஒக்காந்து சொன்னேன். நூறு ரூவா வெட்டறாப்புல பேப்பர்ல வரும், மெரண்டுபோயிடாதீங்க, அது மந்திரிய எயுப்பறதுக்குத் தட்டற கதவுன்னு."

என் புத்தி உடனே வேலை செய்தது. இவனுக்கு என்ன அக்கறை? நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வருவதற்குள் நாள் தவறிவிடும். அதுதான் திட்டம்! மனசுக்குள் மட்டும் அவரை 'இவன்' என்பேன். வெளியே, "சரி ஏழுமலை, பாக்கலாம்" என்றேன். அன்று சாயங்காலமே பிரேரணையைக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சபையில் பிரேரேபித்தேன். அன்று ஒரு வரிதான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். விவாதம் திங்கட்கிழமை. நடுவில் இரண்டு நாள் விடுமுறை, ஊருக்கு வந்துவிட்டேன்.

பாய் படித்த செய்தி

சனிக்கிழமை காலை. இஸ்திரி போட்ட ஜிப்பாவோடு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். நடு பெஞ்சு. எல்லாருக்கும் என் முகம் தெரியும்படி.

பாய் படித்தார். "புங்கமேடு தரைப்பாலம் சம்பந்தமாக மராமத்து மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று திரு. சிங்காரம் பிரேரேபித்தார்."

சிங்காரம்! வெறும் சிங்காரம்! ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் நான் சொர்க்கத்தில் இருந்தேன்.

பாய் அதே வரியை இன்னொரு முறை படித்தார். இந்த முறை மந்திரிக் குரலும் இல்லை, அங்கத்தினர் குரலும் இல்லை, பாயின் சொந்தக் குரல்.

"இன்னாய்யா இது? பாலம் வாங்கியாறேன்னு போயிட்டு, கீற துட்டுலயே கைய வச்சிட்டியா?"

"பாய், பாய், அது ஒரு சம்பிரதாயம்..."

"எந்த வூட்டு சம்பரதாயம்? கல்யாணத்துக்கு மொய் வைக்க வந்தவன் தட்டுலேர்ந்து நூறு ரூவாய எடுத்துக்கினு போறதா?"

கடை சிரித்தது. பாய் சொன்னதற்குச் சிரித்தது. டீக்கடைக்காரருக்குக்கூட வருகிறது அந்தச் சிரிப்பு.

வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. தெய்வானை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பேப்பர்ல ஒங்க பேரு வந்துகீதாமே?"

"ம்."

"சந்தோசம். அந்த வெட்டன நூறு ரூவாய எங்க வச்சிகீறீங்க? வூட்ல அரிசி இல்ல."

ஆற்றங்கரையில்

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு புங்கமேட்டுக்குக் கிளம்பினேன். போகாமல் இருந்தால் அவர்கள் வந்துவிடுவார்களோ என்ற பயம். வழியெல்லாம் எனக்கு நடக்கப்போவதைக் கற்பனை செய்துகொண்டே மிதித்தேன். புளியமரத்தில் கட்டுவார்கள். இல்லை, சைக்கிளைக் கட்டிவிட்டு என்னை நடக்க விடுவார்கள். ஒரு நாய் குரைத்தது. அதுவும் பேப்பர் படித்திருக்கும் என்று தோன்றியது.

ஆறு வறண்டு கிடந்தது. மணல் சுட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அக்கரையைப் பார்த்தால், எறும்புச்சாரி மாதிரி ஜனங்கள். ஆண்களும் பெண்களும் தலையில் கூடையோடு மேட்டிலிருந்து இறங்கிவந்து, கரையில் கல்லைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். கரையில் இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் குவியல். பக்கத்தில் புங்கமர நிழலில், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தவர், வேறு யார், ஏழுமலை. எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். அதுதானே அவர் வழக்கம்!

கூடையை இறக்கிவிட்டு ஒரு பெண்பிள்ளை என்னிடம் வந்தாள். பட்டம்மா. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள். ஊரில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இடுப்பில் ஒரு குழந்தை.

"வா நைனா. வயி தெரிஞ்சிதா? ஓட்டு கேக்க வந்தப்பறம் இப்பத்தான் வர்ற."

"பட்டம்மா, நான் அந்த நூறு ரூபாய..."

"தெரியும். ஏயுமல அல்லாம் சொல்லிச்சி. சம்பரதாயமாம். நெசமா வெட்ட மாட்டாங்களாம்."

"அப்ப இது இன்னா கல்லு?"

"யாரு கண்டா? சர்க்கார் ஒரு தபா வெட்னதத் திருப்பிக் குடுத்து நீ பாத்துகீறியா? மேஸ்திரியக் கேட்டோம், நூறு ரூவாய்க்கி எம்மாங் கல்லுன்னு. அத்தினியும் நாங்களே கொண்டாந்து கொட்டிட்றோம். நீ வெட்னது வெட்னதாவே இருக்கட்டும். மீதிக்குப் பாலத்தக் கட்டச் சொல்லு."

நான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு நைனா இப்டி வேக்குது ஒனக்கு? பயப்படாத. ஒன் நூறு ரூவாய நாங்க கட்டிட்றோம்."

என்னை அடிக்கப் போகிறார்கள் என்று வந்தவன் நான். எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

இடுப்புக் குழந்தை என் ஜிப்பாப் பித்தானைப் பிடித்து இழுத்தது. "யார் குயந்த?" என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"எம் பொண்ணு புள்ள. போன மயையில இந்தக் கரையிலயே அவளக் கட்டல்ல வச்சிக்கினு, வெள்ளம் எப்ப வடியும்னு பாத்துக்கினு கெடந்தோம். இங்கயே பொறந்துச்சி. இது பொயச்சிது." கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். "எதுத்த வூட்டுது பொயைக்கல."

அவள் போய்விட்டாள். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் வெள்ளரிப் பிஞ்சில் ஒன்றை எனக்கு நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். இருவரும் கூடைகள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே தின்றோம்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை சபைக்குப் போகும்போது மூன்று ஹாஸ்யங்கள் தயார் செய்துவைத்திருந்தேன். எஸ்டிமேட் பஸ்ஸை மறுபடி ஓட்டுவதாக இருந்தேன். இந்த முறை சுருக்கெழுத்துக்காரர் முன்னாலேயே ஓட்டிவிடுவது என்று தீர்மானம்.

சபாநாயகர் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தேன். மூன்று ஹாஸ்யங்களும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டன. நாக்கு பழைய இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. 'மிக்க நன்றி' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒரு விநாடி விட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் ஜிப்பாவை யாரோ கீழிருந்து இழுத்தார்கள். ஏழுமலை.

"கல்ல சொல்லு பார்ட்னரு" என்றார் மெதுவாக.

சொன்னேன். நடவடிக்கைக் குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது:

'சபாநாயகர் அவர்களே, வெள்ளிக்கிழமை நான் நூறு ரூபாயை வெட்டினேன். புங்கமேட்டு ஜனங்கள் அந்த நூறு ரூபாய்க்கு ஈடாகக் கல் சுமந்து ஆற்றங்கரையில் கொட்டியிருக்கிறார்கள். சர்க்கார் பணத்தில் குறை வந்துவிடக் கூடாதாம். போன மழையில் அதே கரையில் ஒரு குழந்தை பிறந்தது, அது இருக்கிறது. இன்னொன்று இல்லை. என் பிரேரணையை வாபஸ் வாங்கச் சொன்னால் வாங்கிக்கொள்கிறேன். அந்தக் கல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை.'

உட்கார்ந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் என்றால் ஒருவர் இல்லை! மேலே விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. போச்சு, தொலைந்தேன், இதற்கும் 'உம்'தான் என்று கைக்குட்டையைத் தேடினேன்.

மந்திரி தன் முறை வருவதற்கு முன்பே எழுந்தார். "அந்த எஸ்டிமேட் எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே பார்க்கிறேன்" என்றார். அதிகாரிகள் இருந்த வரிசையில் ஒருவர் நாற்காலி இடறக் கிளம்பி வெளியே போனார்.

பஸ்ஸில்

அன்று சாயங்காலம் காஞ்சிபுரம் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். நான் புலம்பிக்கொண்டே வந்தேன்.

"ஒருத்தனும் சிரிக்கலியே ஏழுமலை."

"நல்லதாப் போச்சு."

"ஒனக்கு நல்லதுதான். நீ எனக்கு முந்தியே அங்க போய்க் கல்லெல்லாம் பாத்துட்ட. ஒனக்கும் பேச டைம் குடுத்திருந்தாங்க. நீ சொல்லியிருந்தா சபையே சிரிச்சிருக்கும்."

"அதான் சொல்லல" என்றார் ஏழுமலை.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நீ சிரிப்பு வர்லன்னு அயுவற. நான் எயுந்துக்கினாலே அவங்க சிரிக்கறதுக்கு ரெடியாயிட்றாங்க பார்ட்னரு. அந்தக் கெணறு கேட்டேனே, நெனவு கீதா? குடிக்கத் தண்ணி இல்லன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க. அன்னிக்கி நான் தமாசே பண்ணல."

அவருடைய ஒவ்வொரு சிரிப்பையும் விரல் வைத்துத் தேடிப் படித்தவன் நான். அந்தக் கிணற்றுச் சிரிப்பையும் எண்ணிக்கையில் சேர்த்து எரிந்தவன்.

"இன்னிக்கி ஒனக்கு வாய மூடிக்கினு கேட்டாங்க" என்றார். "எனக்கு வயிறு எரிஞ்சிது, தெரியுமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாக்கியம் என் காதில் தேனாகப் பாய்ந்தது. ஏழுமலைக்கு என்மேல் பொறாமை! ஊர் போய்ச் சேரும்வரை நான் ஜன்னலோரக் காற்றை வாங்கிக்கொண்டு, ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

ஆனால் பாருங்கள், அந்த வசனத்தைச் சொன்னதும் அவர்தான். அன்றைய நாளின் நல்ல வசனம் அது. அதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

பாலம் வந்த பிறகு

தரைப்பாலம் வந்தது. பட்டம்மா ஆட்கள் கொட்டிய கல் இரண்டு பக்கமும் சாய்வுக்குப் போயிற்று. பாலத்தின் மேல் பஸ்ஸும் வந்தது. திறப்பு விழாவில் நானும் பேசினேன். 'உம்' பற்றி இப்போது எனக்குக் கூச்சம் விட்டுப்போய்விட்டது.

அந்தச் சபையின் கடைசி நாட்களில் ஒரு நாள், ஏழுமலை எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். எதிரே வழக்கம்போல் முகங்கள் மலர்ந்து தயாராயின. நானும் பழக்க தோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"புங்கமேட்டுக்கு பஸ் வருகிறது. சந்தோஷம்" என்றார். "ஊருக்குள் நிற்கிறது. சேரி முனையில் நிற்பதில்லை. பாலத்துக்குக் கல் சுமந்தவர்களில் பாதிப் பேர் அந்த முனையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையைக் காட்டுகிறார்கள். பஸ் போய்விடுகிறது."

அவ்வளவுதான். ஹாஸ்யம் வருமென்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அவர் உட்காரவும் இல்லை. நின்றுகொண்டே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். மலர்ந்த முகங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. விசிறிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்காத மாதிரி இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அந்த மௌனம் என்னுடையதைவிட நீளம்.

அடுத்த மாதத்திலிருந்து சேரி முனையில் பஸ் நின்றது.

அன்று சபை கலைந்ததும் தாழ்வாரத்தில் அதே சுருக்கெழுத்துக்காரரைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்ததுமே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தப்பிக்கப் பார்த்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். சிரித்தால் அடைப்புக்குறிக்குள் போடுகிறீர்கள். சபை இப்படிப் பேசாமல் இருந்ததே, அதற்கு ஒன்றும் போட மாட்டீர்களா?"

"மாட்டோம் சார். மௌனத்தைக் குறிக்கிற வழக்கம் கிடையாது."

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு வந்தேன். இருந்திருந்தால் அதிலும் ஏழுமலைதான் எனக்கு முன்னால் போயிருப்பார்.